நீங்கள் யாருடைய ஆள்? – வீடு வாங்குபவர் போடும் ஒரு கையெழுத்தின் வரலாறு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்காவில் பெரும்பாலானோர் வீட்டைக் கட்டுவதில்லை. ஏற்கெனவே யாரோ குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்குகிறார்கள். வாங்குவது என்றால் நேராகப் போய் வீட்டுக்காரரிடம் பேசி முடிப்பதும் அல்ல. விற்பவருக்கு ஒரு ஏஜென்ட், வாங்குபவருக்கு ஒரு ஏஜென்ட் என்று இருவர் நடுவில் இருப்பார்கள்.

2024-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ம் தேதி முதல் இதில் ஒரு புதிய விதி வந்திருக்கிறது. வாங்குபவர் தன் ஏஜென்டுடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே, அந்த ஏஜென்டுடன் எழுத்து மூலம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். வீடு பிடிக்குமா தெரியாது. விலை பேசவில்லை. அதற்குள் கையெழுத்து!

இது எங்கோ யாருக்கோ உள்ள பிரச்சினை அல்ல. டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தொகையைச் செலவழிக்கும் நேரத்தில் இந்தத் தாளைத்தான் முதலில் சந்திக்கின்றன. போடலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் தேடுவதுதான் இக்கட்டுரை. ஏனென்றால் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பழைய தகராறு இருக்கிறது. தகராறு என்ன என்று தெரிந்தால், வரியை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

சங்கம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் வீட்டுத் தரகர்கள் குறிப்பிட்ட நாட்களில் ஓரிடத்தில் கூடுவார்கள். தங்கள் கையில் விற்பனைக்கு உள்ள வீடுகளை ஒருவருக்கொருவர் சொல்வார்கள். "என் வீட்டுக்கு நீ ஆள் கொண்டுவந்தால் கமிஷனில் உனக்குப் பங்கு" என்பதுதான் பேச்சு. பின்னாளில் "மல்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்" (சுருக்கமாக எம்.எல்.எஸ்.) என்று வளர்ந்த அமைப்பின் விதை இதுதான்.

1908-ம் ஆண்டு மே மாதம் சிகாகோவில் தரகர்களின் தேசிய சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது உறுப்பினர்கள் 120 பேர். 1913-ல் அது தனக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டது. 1916-ல் "ரியல்டர்" என்ற சொல் உருவாக்கப்பட்டது. இன்றைக்கும் இந்தச் சொல் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவில் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லா ஏஜென்டும் ரியல்டர் அல்ல. இன்று அந்தச் சங்கத்தின் பெயர் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ். இனி இக்கட்டுரையில் "சங்கம்" என்று வந்தால் அது இதைத்தான் குறிக்கும்.

சங்கம் வந்ததால் நல்லதும் நடந்தது. யார் வேண்டுமானாலும் தரகர் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றலாம் என்ற நிலை மாறியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தன. அதே சமயம் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து கமிஷன் வீதத்தையும் நிர்ணயித்தன. இத்தனை சதவீதத்துக்குக் குறைவாக யாரும் வாங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

இந்தக் கட்டுப்பாடு நீதிமன்றத்துக்குப் போனது. 1950-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தரகுத் தொழிலும் ஒரு வியாபாரம்தான், போட்டியைத் தடுக்கும் சதிகளுக்கு எதிரான 1890-ம் ஆண்டு ஷெர்மன் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டன் நகரத் தரகர் சங்கம் கமிஷனை நிர்ணயித்தது செல்லாது என்றது. இன்றைய ஒப்பந்தத்தில் "கமிஷன் எந்தச் சட்டத்தாலும் நிர்ணயிக்கப்பட்டதல்ல, பேசித் தீர்மானிக்கலாம்" என்று ஒரு வரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அந்த வரியின் கொள்ளுத்தாத்தா 1950-ம் ஆண்டுத் தீர்ப்பு என்று சொல்லலாம்.

காரை ஓட்டியவர் யார் பக்கம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

1960-களில், 70-களில் ஒரு அமெரிக்கக் குடும்பம் எப்படி வீடு வாங்கியது? ஒரு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போவார்கள். அவர் பட்டியல் புத்தகத்தைப் புரட்டுவார். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பத்து வீடு காட்டுவார். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்வார். மதியம் சேர்ந்து சாப்பிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடும்ப நண்பர் மாதிரி ஆகிவிடுவார்.

ஒரு வீடு பிடித்துவிடும். விற்பவர் ஒரு லட்சம் டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஏஜென்டிடம் சொல்வார்: "முதலில் தொண்ணூறாயிரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் தொண்ணூற்றெட்டு வரை எங்களால் போக முடியும்."

இங்கேதான் சட்டம் வேறு மாதிரி இருந்தது. அந்த ஏஜென்ட் வாங்குபவரின் ஆள் அல்ல. விற்பவரின் ஆள்!

எம்.எல்.எஸ். பட்டியலில் ஒரு வீட்டைச் சேர்க்கும்போதே, அந்தப் பட்டியலில் உள்ள மற்ற எல்லா ஏஜென்டுகளும் விற்பவரின் துணை முகவர்கள் என்று விதி இருந்தது. இதற்கு "சப்-ஏஜென்சி" என்று பெயர். வீட்டைப் பட்டியலிட்ட ஏஜென்ட் விற்பவரின் முகவர். ஆளைக் கூட்டிவந்த ஏஜென்ட் அந்த முகவரின் துணை முகவர். இருவரின் விசுவாசமும் விற்பவருக்குத்தான். முகவர் சட்டப்படி, தன் எஜமானருக்கு உதவக்கூடிய தகவல் தெரிந்தால் அதை அவரிடம் சொல்வது முகவரின் கடமை. அதாவது "தொண்ணூற்றெட்டு வரை போவார்கள்" என்ற ரகசியத்தை விற்பவரிடம் சொல்ல அந்த நண்பர் கடமைப்பட்டவர்.

எல்லா ஏஜென்டும் அப்படிச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் மனிதத் தன்மையோடுதான் நடந்திருப்பார்கள். ஆனால் வாங்குபவருக்காக ரகசியம் காத்தவர், சட்டப்படி தன் கடமையிலிருந்து தவறியவர். எவ்வளவு விசித்திரமான நிலை பாருங்கள்.

இந்தக் காலத்தில் வாங்குபவர் ஏஜென்டுடன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். பழக்கம் இருந்தது, சிரிப்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது. ஒப்பந்தம் மட்டும் இல்லை.

எந்த வீட்டைக் காட்டுவது?

வாங்குபவரின் ஆள் யாரும் இல்லை என்பதற்கு இன்னொரு கசப்பான பக்கமும் உண்டு. எந்த வீட்டைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற அதிகாரம் ஏஜென்ட் கையில் இருந்தது. இணையம் வருவதற்கு முந்தைய காலம் அது. பட்டியல் புத்தகத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாது.

1924-ல் சங்கத்தின் நெறிமுறையில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரை அந்தப் பகுதிக்குக் கொண்டுவர ரியல்டர் காரணமாக இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்பதைத் தரகர்களின் "நெறிமுறை"யே தீர்மானித்தது. 1950-ல் அந்த விதியிலிருந்து இனத்தைப் பற்றிய பேச்சு நீக்கப்பட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் கையெழுத்தான வீட்டு வசதி நியாயச் சட்டம்தான் இந்தப் பாகுபாட்டைச் சட்ட விரோதம் ஆக்கியது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டைக் காட்டுபவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது கமிஷன் கணக்கோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. யார் எங்கே வாழலாம் என்பதையும் அது தீர்மானித்திருக்கிறது.

1983: பத்தில் ஏழு பேர்

அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வீட்டுத் தரகுத் தொழிலை ஆராய்ந்து 1983-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. வீடு வாங்கியவர்களிடம் "உங்களை அழைத்துச் சென்ற ஏஜென்ட் யாருடைய பிரதிநிதி?" என்று கேட்டிருந்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் "எங்களுடைய பிரதிநிதி" என்றார்கள். சட்டமோ நேர் எதிராக இருந்தது. ஒரு நாட்டில் வீடு வாங்கிய பெரும்பாலானோர், எதிராளியின் ஆளைத் தன் ஆள் என்று நம்பியிருந்தார்கள்!

அறிக்கை வெளிவந்த அடுத்த ஆண்டே, 1984-ல், கலிபோர்னியாவில் ஒரு வழக்கில் முக்கியமான தீர்ப்பு வந்தது. 1976-ல் ஒரு பெண்மணி 1,70,000 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். கொஞ்ச நாளில் நிலம் சரிந்து வீடு பாழானது. முன்பே அங்கே மண்சரிவு ஏற்பட்டிருந்தது. விற்பவர் சொல்லவில்லை. விற்பவர் தரப்புத் தரகர்களுக்கு முழு விவரம் தெரியாவிட்டாலும் சந்தேகப்படுவதற்கான அடையாளங்கள் கண் முன்னே இருந்தன. "கண்ணுக்குத் தெரிவதை ஒழுங்காகப் பார்த்து வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது தரகரின் கடமை" என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவரை "வாங்குபவன் உஷாராக இருக்க வேண்டும்" என்பதுதான் பழைய சட்ட மரபு. அதில் ஒரு விரிசல் விழுந்தது.

இதற்குப் பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாக "நான் யாருடைய முகவர்" என்பதை ஏஜென்ட் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. 1990-களின் தொடக்கத்தில் சங்கமும் கட்டாயத் துணை முகவர் முறையைக் கைவிட்டது. வாங்குபவருக்கு மட்டுமே விசுவாசமான முகவர் என்ற புதிய வகை பரவியது. வாங்குபவர்களுக்கு மட்டுமே வேலை செய்யும், விற்பனைக்கு வீடே எடுக்காத முகவர்கள் 1995-ல் தங்களுக்கென ஒரு தேசிய சங்கம் கூட அமைத்துக்கொண்டார்கள்.

ஆக, "வாங்குபவரின் ஏஜென்ட்" என்ற ஆள் பரவலாகி முப்பது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

இரண்டு பக்கமும் ஒருவரே

புதிய ஏற்பாடு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. வாங்குபவரின் ஏஜென்ட் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். அவர் காட்டும் வீட்டைப் பட்டியலிட்டிருப்பதும் அதே நிறுவனம். இப்போது நிறுவனம் யார் பக்கம்? இதற்கு "இரட்டை முகவர்" என்று பெயர். ஒரே வக்கீல் வாதிக்கும் பிரதிவாதிக்கும் வாதாடுவது போல.

சில மாநிலங்கள் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் இதை அனுமதிக்கின்றன. கொலராடோ, புளோரிடா போன்றவை இரட்டை முகவர் முறையை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக எந்தப் பக்கமும் சாயாத "பரிவர்த்தனைத் தரகர்" என்ற நிலையைச் சட்டத்தில் வைத்திருக்கின்றன. பெயர் அழகாக இருந்தாலும், அந்த நிலையில் உங்களுக்காக வாதாடுபவர் யாரும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு ஒரு வழக்கு. 2007-ல் கலிபோர்னியாவின் மாலிபுவில் ஒரு மாளிகை 1.2 கோடி டாலருக்கும் மேல் விலை போனது. விளம்பரத்தில் வாழும் பரப்பு சுமார் 15,000 சதுர அடி என்று இருந்தது. அது உண்மையில் குறைவு என்று வாங்கியவர் பின்னர் வாதிட்டார். விற்பவர் தரப்பு ஏஜென்டும் வாங்குபவர் தரப்பு ஏஜென்டும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். "நான் விற்பவரின் ஏஜென்ட், வாங்குபவருக்கு எனக்கு அந்தக் கடமை இல்லை" என்பது முதலாமவரின் வாதம். 2016-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் இரு பக்கமும் நின்றால், நிறுவனத்துக்கு உள்ள கடமை அதன் கீழ் வேலை செய்பவருக்கும் உண்டு என்றது. வாங்கியவருக்கு இந்த விளக்கம் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின!

"இலவசம்" என்ற சொல்

விசுவாசத்தின் கதை இப்படி. பணத்தின் கதை என்ன?

துணை முகவர் முறை போனாலும் பணம் வரும் வழி மாறவில்லை. விற்பவர் தன் ஏஜென்டுக்குப் பொதுவாக 5 முதல் 6 சதவீதம் கமிஷன் தருவார். அந்த ஏஜென்ட் அதில் ஏறக்குறைய பாதியை வாங்குபவரின் ஏஜென்டுக்குத் தருவார். எவ்வளவு தரப்படும் என்பதை எம்.எல்.எஸ். பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

எனவே வாங்குபவரிடம் பல ஏஜென்டுகள் சொன்னது: "என் சேவை உங்களுக்கு இலவசம்."

இலவசமா? விற்பவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்துத் தருகிறார்? வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்துதான். வாங்குபவரின் பணம் விற்பவர் கை வழியாகச் சுற்றி ஏஜென்டிடம் போகிறது. சுற்றுவழியில் போவதால் ஒரு விளைவு உண்டு. தன் ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று வாங்குபவர் பேரம் பேசுவதே இல்லை. எனக்குத்தான் செலவில்லையே!

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. ஒரு வீட்டுக்கு 3 சதவீதம், பக்கத்து வீட்டுக்கு 1 சதவீதம் என்று பட்டியலில் இருந்தால், ஏஜென்ட் தன் வாடிக்கையாளரை எந்த வீட்டுக்கு முதலில் அழைத்துப் போவார்? அந்தச் சதவீதம் ஏஜென்டின் கண்ணில் படும். வாங்குபவரின் கண்ணில் நீண்ட காலம் படவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது இந்த மறைப்பும் "இலவசம்" என்ற பேச்சும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு "முதலாளி–முகவர் சிக்கல்" தெரிந்திருக்கும். முகவரின் லாபமும் முதலாளியின் லாபமும் ஒரே திசையில் போகாதபோது வரும் சிக்கல் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோ பகுதி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை இதில் புகழ்பெற்றது. ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர் வீட்டை விற்பதைவிட அதிக நாள் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள் என்று அவர்கள் கண்டார்கள்.

வாங்குபவரின் ஏஜென்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4,00,000 டாலர் வீடு, 2.5 சதவீதம் கமிஷன் என்றால் ஏஜென்டுக்கு 10,000 டாலர். அவர் கஷ்டப்பட்டுப் பேசி விலையை 3,80,000-ஆகக் குறைத்தால் உங்களுக்கு லாபம் 20,000. அவருக்கோ 9,500 டாலர்தான் கிடைக்கும். உங்களுக்கு நன்மை செய்ததற்காக 500 டாலர் அபராதம்! நல்ல ஏஜென்ட் இதைப் பொருட்படுத்த மாட்டார். ஆனால் ஏற்பாடு அவரை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெளிவு.

கான்சாஸ் சிட்டி தீர்ப்பு

2019-ல் மிசூரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வாங்குபவர்கள் அல்ல, விற்றவர்கள்! "எதிர்த் தரப்பு ஏஜென்டுக்கு நாங்கள் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்? கமிஷனைக் குறைய விடாமல் வைத்திருக்கும் சதி இது" என்பது அவர்கள் வாதம்.

2023 அக்டோபர் 31-ம் தேதி கான்சாஸ் சிட்டியில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. சங்கமும் பெரிய தரகு நிறுவனங்களும் சேர்ந்து கமிஷனை உயர்த்தி வைத்தது உண்மை, நஷ்ட ஈடு சுமார் 178 கோடி டாலர் என்றது. இந்த வகை வழக்கில் சட்டப்படி நஷ்ட ஈடு மும்மடங்காகும். 500 கோடி டாலரைத் தாண்டிவிடும். 2024 மார்ச் 15-ல் சங்கம் சமரசத்துக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 41.8 கோடி டாலர் தரவும், விதிகளை மாற்றவும் சம்மதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் சமரசத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்தது.

மாறிய விதிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, வாங்குபவரின் ஏஜென்டுக்கு இவ்வளவு கமிஷன் என்று எம்.எல்.எஸ். பட்டியலில் போடக் கூடாது. இரண்டு, வீடு பார்க்கும் முன் எழுத்து ஒப்பந்தம். அதில் ஏஜென்டின் கட்டணம் எவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். "விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு" என்று எழுத முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள தொகைக்கு மேல் எந்த வழியிலும் ஏஜென்ட் வாங்கவும் கூடாது.

விற்பவர் இன்னும் வாங்குபவரின் ஏஜென்டுக்குப் பணம் தரலாம், அதற்குத் தடை இல்லை. ஒவ்வொரு முறையும் அதைத் தனியாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். விற்பவர் மறுத்தால் ஒப்பந்தப்படி வாங்குபவர் தன் கையிலிருந்து தர வேண்டும். இந்தத் தொகையைப் பொதுவாக வீட்டுக் கடனில் சேர்க்க முடியாது. முன்பணம் சேர்க்கவே திணறும் இளம் குடும்பத்துக்கு இது பெரிய சுமை. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு உத்தரவாதக் கடனில் இன்னும் வேடிக்கை. அந்தக் கடனில் வாங்குபவர் ஏஜென்டுக்குக் கமிஷன் தரவே கூடாது என்று விதி இருந்தது. 2024 ஆகஸ்டில் அந்தத் தடையை அவசரமாகத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது.

விற்றவர்கள் போட்ட வழக்கு, வாங்குபவர்கள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டது.

தாளை எப்படிப் படிப்பது?

இவ்வளவு வரலாற்றையும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்போம். (இது சட்ட ஆலோசனை அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும்.)

1. யார் பக்கம்? "உங்கள் நலனுக்காக மட்டுமே" என்று இருக்கிறதா? இரட்டை முகவருக்கு முன்கூட்டியே சம்மதம் கேட்கும் வரி இருக்கிறதா? அந்தச் சம்மதத்தை இப்போதே தர வேண்டிய அவசியம் இல்லை. அப்படி ஒரு வீடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.

2. எவ்வளவு? சதவீதம்தான் என்று கட்டாயம் இல்லை. நிலையான ஒரு தொகையாகவும் இருக்கலாம், மணிக்கு இவ்வளவு என்றும் இருக்கலாம். நிலையான தொகை என்றால் விலை குறைந்தாலும் ஏஜென்டுக்கு நஷ்டம் இல்லை. மேலே பார்த்த 500 டாலர் அபராதம் மறைந்துவிடும்.

3. விற்பவர் தராவிட்டால்? மீதியை நீங்கள் தர வேண்டுமா, அல்லது அந்த வீட்டைக் கேட்கும்போதே "என் ஏஜென்ட் கட்டணத்தை விற்பவர் ஏற்க வேண்டும்" என்று நிபந்தனை போடுவீர்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

4. எத்தனை நாள்? ஆறு மாதம், ஒரு வருடம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் தனிநபர் வாங்குபவருடனான ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், தானாகவே நீளக் கூடாது என்றும் சட்டமே வந்துவிட்டது. மற்ற மாநிலங்களிலும் ஒரு வாரத்துக்கு, ஏன், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கூட ஒப்பந்தம் போடலாம்.

5. முடிந்த பிறகு? ஒப்பந்தம் முடிந்து சில மாதங்களுக்குள், அந்த ஏஜென்ட் காட்டிய வீட்டை வாங்கினால் அவருக்குக் கட்டணம் உண்டு என்று ஒரு வால் இருக்கும். இது முற்றிலும் அநியாயம் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் அலைந்து வீடு காட்டியவரை விட்டுவிட்டு, கடைசி நாளில் வேறொருவருடன் போய்க் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். காரைப் போட்டுக்கொண்டு சுற்றிய ஏஜென்டுக்குப் பெட்ரோல் செலவு கூடக் கிடைக்காது. அந்தத் தகராறில் முளைத்த வால் இது. காட்டிய வீடுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

6. பிடிக்காவிட்டால்? எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம், அதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள்.

கையெழுத்தே போடாமல் இருக்க முடியாதா? முடியும். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் "ஓப்பன் ஹவுஸ்" நாட்களில் தானாகப் போய்ப் பார்க்க ஒப்பந்தம் தேவையில்லை. விற்பவரின் ஏஜென்டிடமே நேரடியாகப் பேசலாம். பத்திரம் பார்க்க ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம். அந்த ஊரையும் சந்தையையும் நன்கு அறிந்தவருக்கு இது நல்ல வழிதான். ஆனால் விற்பவரின் ஏஜென்ட் சிரித்துப் பேசும்போது, அவர் யாருடைய ஆள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1983-ல் அந்தப் பத்தில் ஏழு பேர் மறந்தது அதைத்தான்.

முடிவாக...

"கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம்" என்பது பொதுவான பயம். நியாயமான பயமும்தான். ஆனால் இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. வாங்குபவர்கள் அதிகமாக ஏமாந்தது கையெழுத்துப் போட்ட காலத்தில் இல்லை. எதிலும் கையெழுத்துப் போடாமல், முகத்தைப் பார்த்து நம்பிய காலத்தில்தான். அப்போது அவர்களுக்கென்று ஒரு ஆள் இல்லை, இருப்பதாக நினைத்திருந்தார்கள்.

எனவே புதிதாக ஒரு ஊரில் வீடு வாங்குபவர், குறிப்பாக அந்த நாட்டு நடைமுறை பழகாதவர், ஒரு ஏஜென்டை ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் முதல் சந்திப்பிலேயே ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு, அல்லது இரண்டு மூன்று வீட்டுக்கு என்று சிறியதாகத் தொடங்கலாம். அவர் எப்படி வேலை செய்கிறார், பிடிக்காத வீட்டைப் பிடிக்கவில்லை என்று தயங்காமல் சொல்ல விடுகிறாரா, வீட்டின் குறைகளைத் தானாகச் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு நீட்டிக்கலாம். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் முகம் சுளிக்கும் ஏஜென்ட், நாளை விலை பேசும் மேஜையில் உங்களுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருப்பாரா என்பதையும் யோசியுங்கள்.

பேனாவை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் யாருடைய ஆள்?" பதிலை வாயால் சொன்னால் போதாது. எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.